செங்காந்தளை வீட்டில் வளர்ப்பது எப்படி: கிழங்கு வாங்குவதிலிருந்து அடுத்த ஆனி வரை

"கிழங்கு வாங்கி நட்டேன், ஒரு வருஷம் அழகாகப் பூத்தது, அப்புறம் வரவே இல்லை." செங்காந்தள் வளர்க்க ஆசைப்பட்டவர்களிடம் பேசினால் பெரும்பாலும் இந்தப் புலம்பல்தான் வரும். செடியின் மேல் குறை இல்லை. செங்காந்தள் வருஷத்தில் ஏறக்குறைய பாதி நாள்தான் மண்ணுக்கு மேலே இருக்கும். மிச்ச நாளெல்லாம் கொடி காய்ந்து உதிர்ந்து, மண்ணுக்குள் வெறும் கிழங்காகக் கிடக்கும். அந்த ஓய்வுக் காலத்தில் பக்கத்துத் தொட்டிக்கு ஊற்றும்போது இதற்கும் சேர்த்து ஒரு சொம்பு ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும். இல்லையென்றால் செடி செத்துவிட்டது என்று நினைத்து நாமே தொட்டியைக் கவிழ்த்து மண்ணைக் கொட்டிவிடுவோம். எப்போது ஊற்றுவது, எப்போது நிறுத்துவது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஒரு கிழங்கு இரண்டாகி, இரண்டு நாலாகி, வருஷா வருஷம் தானாக வரும் செடி இது.

தமிழ்நாட்டின் மாநிலப் பூ, நம் ஊர் வேலிகளிலும் மலையடிவாரப் புதர்களிலும் தானாக முளைத்த பூ, ஆனாலும் வீட்டுத் தோட்டத்தில் இதைப் பார்ப்பது அரிது. வெளிநாட்டு லில்லிகளுக்குக் கொடுக்கும் இடத்தில் ஒரு மூலையை இதற்கும் கொடுக்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

கிழங்கைத் தொடுவதற்கு முன்னால்

செங்காந்தள் கடும் விஷச் செடி. கிழங்கு, விதை, இலை, தண்டு, பூ எதுவும் விலக்கில்லை, எல்லாவற்றிலும் கோல்சிசின் என்ற நச்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் இது அதிகம். கீல்வாதத்துக்குக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பதும் இதே பொருள்தான். அதற்காகத்தான் நம் விவசாயிகள் இதை ஏக்கர் கணக்கில் பயிர் செய்து விதையை விற்கிறார்கள். ஆனால் மாத்திரையில் இருப்பது அளந்து பிரித்த துளி. கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று நாம் கண்ணால் பார்த்து அளக்க முடியாது. "கைவைத்தியத்துக்கு நல்லது" என்று யாராவது சொன்னால் காதில் வாங்கவே வாங்காதீர்கள்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இந்தக் கிழங்கைச் சமையல் கிழங்கு என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் இருக்கிறார்கள். உள்ளே போன உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு என்று தொடங்கும். அதற்குப் பிறகு சிறுநீரகம், இதயம், ரத்தம் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். வழக்கமாகக் கிடைக்கும் முறிவு மருந்து எதுவும் இதற்குக் கிடையாது. அதனால் குழந்தை வாயில் வைத்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்காகக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தின்ற இலையோ கிழங்கோ ஒரு துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு அது பெரிய உதவி.

எதையும் வாயில் வைக்கும் வயதில் வீட்டில் குழந்தை இருந்தால் இப்போதைக்கு இந்தச் செடி வேண்டாம், இரண்டு மூன்று வருஷம் பொறுத்து வைக்கலாம். மண்ணைத் தோண்டும் நாய், கட்டாமல் திரியும் ஆடு மாடு இருக்கும் வீடுகளிலும் எட்டாத இடம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சில சட்டங்கள் போதும். கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், வெண்டை கத்தரி போட்டிருக்கும் பாத்தியில் இதை நடாதீர்கள். கிழங்கு எந்தக் காரணத்துக்காகவும் சமையலறைக்குள் போகக் கூடாது.

பயமுறுத்துவதற்காக இவ்வளவு சொல்லவில்லை. அரளியும் ஊமத்தையும் விஷம்தான், அரளி இல்லாத தெரு உண்டா? தெரிந்து வளர்த்தால் போதும். செங்காந்தளில் கூடுதல் ஆபத்து, அதன் கிழங்கு பார்ப்பதற்குத் தின்னும் கிழங்கு போலவே இருப்பதுதான்.

காட்டில் எப்படி வளர்கிறதோ அப்படி

இதன் இயல்பான இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். முட்புதர் ஓரம், கிளுவை வேலி, சரளை கலந்த செம்மண் சரிவு, வேதாரண்யம் பக்கம் மணற்பாங்கான நிலம் என்று எல்லா இடத்திலும் இருக்கும். இவற்றில் பொதுவானது என்னவென்றால் தண்ணீர் நிற்காது, மழை பெய்த கையோடு வடிந்துவிடும். கிழங்கும் தண்டின் அடிப்பகுதியும் புதர் நிழலில் இருக்கும், கொடி மட்டும் புதருக்குள் நுழைந்து ஏறி வெயிலுக்கு வந்து பூக்கும். மழையோடு முளைத்து, ஐப்பசி கார்த்திகையில் பூத்து, தை மாதத்தோடு காய்ந்து, கோடை முழுக்க வறண்ட மண்ணுக்குள் சும்மா கிடக்கும்.

இந்த நாலையும் நம் தொட்டியில் கொண்டுவந்துவிட வேண்டும்: வடியும் மண், நிழலில் அடி, வெயிலில் நுனி, வறண்ட கோடை.

கிழங்கு வாங்குவது

காட்டிலிருந்து தோண்டி எடுக்காதீர்கள். காப்புக்காட்டில் தோண்டுவது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம், மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் இந்தக் கொடி காணாமல் போய்க்கொண்டிருக்கிறது என்பது இன்னொரு பக்கம். ஊர் வேலியில் இருப்பதையும் விட்டுவிடுங்கள். அங்கே பூத்துக் காய்த்து விதை போடட்டும்.

வாங்குவதற்கு வழி இருக்கிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் இது பணப்பயிர். அந்தப் பக்கம் உறவினரோ நண்பரோ இருந்தால் விவசாயிகளிடமே நாலைந்து கிழங்கு கேட்டு வாங்கலாம். அங்கே "கண்வலிக் கிழங்கு" என்று கேட்க வேண்டும், செங்காந்தள் என்றால் சிலர் யோசிப்பார்கள். வேறு சில ஊர்களில் கலப்பைக் கிழங்கு என்பார்கள், பூவைக் கார்த்திகைப் பூ என்பார்கள். ஈழத்திலும் கார்த்திகைப் பூதான். நவம்பர் 27-ஆம் தேதி மாவீரர் நாளில் ஈழத்தமிழர்கள் நெஞ்சில் அணிவது இந்தப் பூவைத்தான்.

நர்சரியிலும் இணையக் கடைகளிலும் வாங்கினால் ஒரு விஷயம் கவனியுங்கள். அகலமான இதழும் அடர்ந்த சிவப்பும் கொண்ட "ரோத்ஷில்டியானா" என்ற வகையைப் பலரும் விற்கிறார்கள். அதுவும் செங்காந்தள் குடும்பம்தான், பூ பெரிதாக இருக்கும், ஆனால் நம் வேலியில் பூப்பது அது இல்லை. நம் ஊர்ச் செங்காந்தளின் இதழ் ஒடுக்கமாக, ஓரம் நெளிநெளியாக, அடியில் மஞ்சளும் மேலே சிவப்புமாக இருக்கும். எது வேண்டும் என்று தெரிந்து கேளுங்கள். என்னைக் கேட்டால் நம் ஊர்க் கொடிதான், நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகியது.

வாங்கும் காலம் வைகாசி, ஆனி. அப்போதுதான் கிழங்கு ஓய்வில் இருக்கும், எடுத்து அனுப்பவும் வசதி.

கிழங்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். இரண்டு கவை பிரிந்திருக்கும், ஒன்று நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருக்கலாம். ஒவ்வொரு கவையின் நுனியிலும் கூராக ஒரு முனை இருக்கும். அந்த முனையில்தான் முளை வரும், வேறு எங்கிருந்தும் வராது. உருளைக்கிழங்கில் இருப்பது போல உடம்பெல்லாம் கண் இதற்குக் கிடையாது. நுனி முறிந்திருந்தால் கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை, வாங்காதீர்கள். அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்க வேண்டும், கருப்புத் திட்டோ ஈரக் கசிவோ இருக்கக் கூடாது. விவசாயிகள் ஐம்பது அறுபது கிராம் கிழங்கைத்தான் நடவுக்கு எடுக்கிறார்கள், நமக்கும் அதுவே நல்லது. சுண்டுவிரல் அளவுக் குட்டிக் கிழங்கும் முளைக்கும், ஆனால் முதல் வருஷம் இலை மட்டும்தான் விடும்.

தபாலில் வரவழைப்பதென்றால் மரத்தூளோ நார்க்கழிவோ வைத்துக் கட்டச் சொல்லுங்கள். இந்தக் கிழங்கு சட்டென்று ஒடியும், அதுவும் சரியாக அந்த நுனியில் ஒடியும்.

தொட்டியும் மண்ணும்

பன்னிரண்டு அங்குல ஆழத்துக்குக் குறையாத தொட்டி வேண்டும். கிழங்கு வருஷத்துக்கு வருஷம் கீழே இறங்கப் பார்க்கும், அதனால் அகலத்தை விட ஆழம் முக்கியம். மண்தொட்டி கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு, பக்கவாட்டிலும் ஈரம் காயும். க்ரோ பேக் என்றால் பதினைந்துக்குப் பதினைந்து அளவு எடுத்து, அடியில் ஓட்டை போதுமா என்று பார்த்துக் கூட நாலு போட்டுவிடுங்கள்.

மண் கலவைக்குப் பெரிய ரகசியம் இல்லை. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்றாக மக்கிய தொழுவுரமோ ஒரு பங்கு, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவைக் குறைவாகச் சேருங்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், மழைக்காலத்தில் அதுவே வினையாகிவிடும். கரிசல் மண், களிமண் பக்கம் இருப்பவர்கள் மணலைக் கூட்டிக்கொள்ளுங்கள். கலந்த மண்ணைத் தொட்டியில் போட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மேலே குளம் கட்டி நின்றால் இன்னும் மணல் வேண்டும்.

தரையில் நடுவதானால் மேடான இடமாகப் பாருங்கள், அல்லது முக்கால் அடி உயரத்துக்கு மண் அணைத்து மேட்டுப்பாத்தி போட்டு நடுங்கள். சென்னை, கடலூர், நாகை பக்கம் இருப்பவர்களுக்கு இது கட்டாயம். உங்கள் ஊரில் கனமழை கொட்டுவதும் செங்காந்தள் பூப்பதும் ஒரே மாதத்தில்தான்.

நடவு

ஆனி, ஆடி சரியான காலம். கிழங்கைப் படுக்க வைத்து, முளை நுனி கொஞ்சம் மேல்நோக்கி இருக்கும்படி, இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் வைத்து மண்ணை மூடுங்கள். செங்குத்தாகக் குத்தி நட வேண்டாம். நுனியைத் தொட்டிச் சுவருக்கு எதிராக வைக்காமல் நடுப்பக்கம் பார்க்க வையுங்கள், முளை வெளியே வரும் இடத்தில் கொழுகொம்பு ஊன்ற வசதியாக இருக்கும். ஒரு தொட்டிக்கு ஒரு கிழங்கு போதும். தரையில் ஒன்றரை அடி, இரண்டு அடி இடைவெளி விடுங்கள்.

ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்குப் பிறகு முளை தெரியும் வரை மேல்மண் காய்ந்தால் மட்டும் லேசாகத் தெளித்தால் போதும். வேர் இல்லாத கிழங்கு தண்ணீரைக் குடிக்காது, தண்ணீரில் ஊறத்தான் செய்யும். இரண்டு வாரத்திலும் முளைக்கலாம், ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். முளைத்துவிட்டதா என்று கிளறிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு நுனிக்கு ஒரு முளைதான். விரல் பட்டு அது முறிந்தால் அந்த வருஷத்துக்குப் பெரும்பாலும் அவ்வளவுதான்.

நட்ட இடத்தில் ஒரு அட்டை நட்டு வையுங்கள். "செங்காந்தள், விஷம்" என்று அழியாத மையில் எழுதி வையுங்கள். வீட்டுக்கு வருகிற யாராவது காலியான தொட்டி என்று நினைத்துத் தக்காளி நாற்று நட்டுவிடக் கூடாது.

கொழுகொம்பு

இந்தச் செடியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இலை நுனிதான், பூ கூட அதற்குப் பிறகுதான். செங்காந்தளின் தண்டு அவரைக்கொடி போல எதையும் சுற்றாது. பாகல் போலத் தனியாகப் பற்றுக்கம்பியும் விடாது. ஒவ்வொரு இலையும் நீண்டு குறுகி, நுனியில் மெல்லிய சுருளாக முடியும். அந்தச் சுருள்தான் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். இன்று காலை வெறும் வளைவாக இருந்த நுனி, பக்கத்தில் ஒரு குச்சி கிடைத்துவிட்டால் ஓரிரு நாளில் அதை இறுகச் சுற்றியிருக்கும். பிடிக்க எதுவும் இல்லையென்றால் பக்கத்து இலையையே பிடிக்கும், சில சமயம் தன் தண்டையே பிடிக்கும்.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. அந்தச் சுருள் சின்னது, பென்சில் கனத்துக்கு மேல் எதையும் அதனால் சுற்ற முடியாது. கனமான மூங்கிலையோ பிவிசி குழாயையோ பக்கத்தில் ஊன்றிவிட்டு ஏறவில்லையே என்று வருத்தப்பட்டால் கொடி என்ன செய்யும்? விளக்குமாற்றுக் குச்சி, மெல்லிய மூங்கில் சிம்பு, காய்ந்த கொய்யா மிலாறு, கோழி வலை, இவைதான் அதற்கு ஏற்றவை. பல கிளையாகப் பிரிந்த காய்ந்த மிலாறு கிடைத்தால் அதை அப்படியே தொட்டியில் ஊன்றிவிடுங்கள், அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. கொடி ஐந்தாறு அடி தாராளமாகப் போகும், நல்ல கிழங்கு என்றால் அதற்கும் மேலே ஏறும், அதற்கேற்ற உயரம் பார்த்து வையுங்கள். முளை வருவதற்கு முன்பே ஊன்றிவிட வேண்டும், பிறகு குத்தினால் கிழங்கில் பாயும்.

தோட்டத்தில் இடம் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி, ஒரு புதரின் காலடியில் நடுவது. நந்தியாவட்டை, செம்பருத்தி, விராலி, கிளுவை வேலி எதுவானாலும் சரி. வயலில் விவசாயிகளும் கம்பிப் பந்தலோடு முள்கிளுவையையும் விராலியையும்தான் துணைக்கு நிறுத்துகிறார்கள். அடிக்கு நிழல், நுனிக்கு வெயில், பிடிக்க மெல்லிய கிளை என்று கொடிக்கு வேண்டியதெல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். பச்சைப் புதருக்கு நடுவே திடீரென்று செந்தழல் நிறத்தில் பூ எட்டிப் பார்க்கும். கொடி காய்ந்த பிறகும் இடம் வெறிச்சென்று தெரியாது, புதர் இருக்கிறதே. என் கணக்கில் செங்காந்தளுக்குத் தோட்டத்தில் சரியான இடம் இதுதான். தனியாக ஒரு வளைவு கட்டி அதில் மட்டும் ஏற்றினால் பாதி வருஷம் காய்ந்த கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும், புதருக்குக் கோடையில் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தால் காந்தள் கிழங்கு இருக்கும் பக்கம் விட்டு எதிர்ப்பக்கம் பாய்ச்சுங்கள். பூச்செடியை விட விராலி, கிளுவை போன்ற வறட்சி தாங்கும் புதர்கள் இதற்கு இன்னும் தோது.

மொட்டை மாடியில் வைப்பவர்கள் தொட்டியை வேறு இரண்டு தொட்டிகளுக்குப் பின்னால் தள்ளி வையுங்கள், மேல்மண்ணில் காய்ந்த இலைகளைப் பரப்புங்கள். கொடிக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும், தொட்டி மட்டும் கொதிக்கக் கூடாது.

வளரும்போது

முளை வந்து ஓர் அடி ஏறியதும் செடி தண்ணீர் கேட்க ஆரம்பிக்கும். இப்போது தாராளமாக ஊற்றலாம், ஆனால் விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும். மாதம் ஒரு தடவை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து கொடுத்தால் இன்னும் நல்லது. யூரியா வேண்டவே வேண்டாம், கொடி மளமளவென்று போகும், பூ குறைந்துவிடும்.

காற்றுக் காலத்தில் தண்டு அடியில் முறிந்துவிடக் கூடும். ஓர் அடி உயரத்தில் வாழை நாரால் தளர்வாக ஒரு கட்டு போடுங்கள். ஐப்பசி மழையில் தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். நாள் கணக்கில் அடைமழை என்றால் கூரை ஓரத்துக்கு நகர்த்துங்கள், கொடியோடு நகர்த்த வசதியாகக் கொழுகொம்பைத் தொட்டிக்குள்ளேயே ஊன்றியிருப்பது நல்லது.

பூ

மொட்டு பச்சையாக, தலை கவிழ்ந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழும் மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும், அதனால் பூ கீழே பார்த்தாலும் இதழ்கள் வானத்தைப் பார்க்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள், அடுத்து நுனியிலிருந்து சிவப்பு இறங்கும், கடைசியில் முழுக்கச் சிவந்து கருஞ்சிவப்பாகி வாடும். ஒரே கொடியில் இந்த எல்லா நிறமும் ஒரே நேரத்தில் இருக்கும், கீழே இருப்பது முதிர்ந்த பூ, மேலே இருப்பது இளம் பூ. ஒரு பூ ஒரு வாரம் வரை நிற்கும். சங்கப் புலவர்கள் குறிஞ்சி நிலத்தைப் பாடும்போதெல்லாம் காந்தளைக் கொண்டுவந்ததும், பெண்களின் விரலுக்கு அதன் இதழை உவமை சொன்னதும் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் புரியும்.

இன்னும் குனிந்து உள்ளே பாருங்கள். ஆறு மகரந்தத் தாள்களும் நாலாபக்கமும் விரிந்து நிற்கும். நடுவிலுள்ள சூல்தண்டு மட்டும் நேராக இறங்காமல், அடியிலேயே ஒடிந்தது போல ஒரு பக்கமாகத் திரும்பி நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன் மேலேயே விழாமல் இருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. இதனால் காய் தானாகப் பிடிப்பது குறைவு. விதைக்காகப் பயிர் செய்யும் விவசாயிகள் தினமும் காலையில் வரிசை வரிசையாகப் போய்க் கையாலேயே மகரந்தத்தைத் தொட்டு வைப்பது இதற்காகத்தான்.

வீட்டில் நமக்கு அந்த வேலை தேவையில்லை. விதை வேண்டுமென்றால் காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணிக்குள், ஒரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்து வேறு கொடியில் புதிதாக விரிந்த பூவின் சூல்முடியில் தடவுங்கள். கொடிக்கு ஒன்றிரண்டு காய் போதும். காய்க்குப் போகும் சத்து கிழங்குக்குப் போனால் அடுத்த வருஷம் கொடி வலுவாக வரும், அதனால் மற்றப் பூக்கள் வாடியதும் நான் கிள்ளிவிடுவேன்.

சாடியில் வைக்கப் பூப் பறித்தால் சின்னக் காம்போடு மட்டும் பறியுங்கள். இலைகளோடு கொடியையே நறுக்கினால் கிழங்கு பட்டினி கிடக்கும். சாடித் தண்ணீரைக் குழந்தைகள், பூனைகள் எட்டாத இடத்தில் வைத்து, பிறகு கவனமாகக் கொட்டிவிடுங்கள். தலையில் சூடுவதற்கு இந்தப் பூ வேண்டாம்.

புழுவும் அழுகலும்

கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி போட்ட ஒரு புழு வரும். செங்காந்தளையும் லில்லிகளையும் தேடி வரும் அந்துப்பூச்சியின் புழு அது, இந்த விஷம் அதை ஒன்றும் செய்யாது. சின்னதாக இருக்கும்போது கூட்டமாக இலையின் அடிப்பக்கம் இருக்கும், கவனிக்காமல் விட்டால் சில நாளில் கொடி வெறும் தண்டாகிவிடும். மருந்தடிக்க அவசரப்பட வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு இலையோடு கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டால் வேலை முடிந்தது. நிறைய வந்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்கால நேரத்தில் தெளியுங்கள். பூவில் படாமல் தெளியுங்கள், தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும் வந்து போகும் இடம் அது.

இலையில் பழுப்புப் புள்ளி வந்து பரவினால் அந்த இலைகளை எடுத்துவிட்டுக் காற்றோட்டம் கொடுங்கள். கொடி திடீரென்று மஞ்சளாகித் தொங்கினால், அதுவும் மழைக்காலத்தில் என்றால், பெரும்பாலும் கிழங்கு அழுகல். தண்ணீரை நிறுத்திப் பார்க்கலாம், ஆனால் முற்றிய பிறகு காப்பாற்றுவது கடினம். அந்த மண்ணில் அடுத்த வருஷம் இதை நடாதீர்கள்.

ஓய்வு

மார்கழி, தை மாதத்தில் இலைகள் கீழிருந்து மஞ்சளாக ஆரம்பிக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் பயந்து, உரத்தைக் கூட்டித் தண்ணீரைக் கூட்டி எப்படியாவது காப்பாற்றப் பார்ப்பது இந்த இடத்தில்தான். செய்யாதீர்கள். கொடி தன் வேலையை முடித்துக்கொள்கிறது. நாம் நட்ட கிழங்கு இதற்குள் சுருங்கி வெறும் தோலாகியிருக்கும், அதன் இடத்தில் புதுக் கிழங்கு உருவாகியிருக்கும். இலையில் மிச்சமிருக்கும் சத்தெல்லாம் அந்தப் புதுக் கிழங்குக்குள் இறங்கும் நேரம் இது. மஞ்சளானதும் அசிங்கமாக இருக்கிறதே என்று கொடியை வெட்டினால் கிழங்கு சிறுத்துவிடும்.

உரத்தைப் பூ முடிந்ததுமே நிறுத்திவிடுங்கள். தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து, கொடி பாதிக்கு மேல் காய்ந்ததும் முழுக்க நிறுத்துங்கள். தண்டு வைக்கோல் போல ஆகி, லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும்போது எடுத்தால் போதும். காய்ந்த கொடியை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடக் கூடாது. எரிக்கவும் வேண்டாம், ஒரு குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு ஆனி வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூட வேண்டாம். தொட்டியை மழைச்சாரல் படாத, நிழலான ஒரு மூலைக்குத் தள்ளி வையுங்கள். மாடித் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்டிருப்பவர்கள் இந்தத் தொட்டிக்குப் போகும் குழாயை மறக்காமல் அடையுங்கள், பராமரிப்புக்கு ஆள் வைத்திருப்பவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். தொட்டி வெறுமையாகக் கிடப்பது மனதுக்கு என்னவோ போலத்தான் இருக்கும். அந்த நாலைந்து மாதம் அதை அப்படியே விட்டுவிடுவதுதான் இந்தச் செடிக்கு நாம் செய்யும் பெரிய பராமரிப்பு.

எடுப்பதும் பிரிப்பதும்

வருஷா வருஷம் தோண்ட வேண்டியதில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, தொட்டி நெரிசலானால் எடுத்துப் பிரிக்கலாம். தொட்டியைச் சாய்த்து மண்ணை மொத்தமாகக் கொட்டி, கிழங்கைக் கையால் பொறுக்குவதுதான் பத்திரம். தரையில் என்றால் தண்டு இருந்த இடத்திலிருந்து ஓர் அடி தள்ளிக் கொத்தி, மண்ணைத் தளர்த்திக்கொண்டே உள்ளே வாருங்கள். மண்வெட்டியை நேராகப் போட்டால் நுனி போய்விடும்.

கிழங்கு V வடிவில் இருக்கும். இரண்டு கவைக்கும் நுனி நன்றாக இருந்தால் நடுவில் இணைகிற இடத்தில் பிரித்து இரண்டாக நடலாம். சின்னக் கிழங்காக இருந்தால் பிரிக்காமல் விடுங்கள். பிரித்த வாயில் அடுப்புச் சாம்பலோ மஞ்சள்தூளோ தடவி நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். பிறகு காய்ந்த மணலில் புதைத்து ஒரு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், மூடியில் நாலு துளை போட்டுக் காற்று போக விடுங்கள். டப்பாவைப் பூட்டுகிற அலமாரியில் வைத்தால் இன்னும் நல்லது. வெங்காயக் கூடை, சேனை, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி இருக்கும் பக்கமே போகக் கூடாது.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். காய் காய்ந்து வெடித்ததும் உள்ளே செம்மணி போல விதைகள் தெரியும், குழந்தைகள் கை நீட்டும் நிறம் அது, வெடிக்கும் முன்பே பறித்து வைத்துவிடுங்கள். ஆனி ஆடியில் மணல் கலந்த மண்ணில் தூவினால் முளைக்கச் சில மாதம் கூட ஆகும். முதல் வருஷம் புல் போல நாலு இலை, பூ வர மூன்றாம் வருஷம் ஆகலாம். பொறுமை இருப்பவர்களுக்கு இது நல்ல வழி, ஏனென்றால் விதைக் கொடிகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபட்டு வரும், ஊர் வேலிக்குத் திருப்பிக் கொடுக்கவும் நிறைய கன்று கிடைக்கும்.

பிரித்த கிழங்கு மிஞ்சினால் கேட்பவர்களுக்குக் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் சும்மா போட்டு நீட்டாதீர்கள். வாங்கிப் போனவர் வீட்டு மேஜையில் வைப்பார், வீட்டில் இன்னொருவர் அதை எடுத்துக் காய்கறிக் கூடையில் போடுவார். ஒவ்வொரு கிழங்கையும் தாளில் சுற்றி, வெளியே "செங்காந்தள் கிழங்கு. விஷம். தின்னக் கூடாது. ஆனியில் நடவும்" என்று பெரிதாக எழுதி, வாங்குபவரின் வீட்டில் சமைப்பது யாரோ அவரிடமும் நேரில் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.